சாம்பல் மூடிய அடுப்பு

ஊத்துக்கரட்டுப்பாளையத்துக்குத் தெற்கே, புறவழிச்சாலைக்காக மஞ்சள் கல் நட்டு ஆறு மாதம் கழிந்த ஒரு மார்கழி முற்பகலில், துளசிமணி தன் சொந்தக் காட்டில், ஆறடி ஆழத்தில், அணையாமல் கிடந்த ஓர் அடுப்பைக் கண்டெடுத்தாள். கண்டெடுத்தவள் யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால், கங்கு மங்குகிறதே என்று குழி ஓரத்தில் கிடந்த பருத்திமார்க் குச்சி ஒன்றை எடுத்து, இரண்டாக ஒடித்து, அடுப்பின் வாயில் சொருகினாள். பிறகு நடந்த நல்லதும் கெட்டதும் அந்த ஒரு குச்சியால் வந்ததுதான்.

சொந்தக் காடு என்று சொன்னதைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும். மழையை நம்பி விதைக்கிற மூன்று ஏக்கர் மேட்டுக்காடு, நடுவில் ஓடு போட்ட ஒரு வீடு, வாசலில் ஒரு வேம்பு, அவ்வளவுதான் அது. சாலைக்காக வரைபடத்தில் இழுத்த கோடு பாறைக் கரட்டையும் புறம்போக்கையும் தாண்டி வந்து, வழியில் இருந்த ஒரே வீடான துளசிமணியின் வீட்டை நடுவில் கிழித்துக்கொண்டு போனது. காலனியில் கான்கிரீட் வீடு தருகிறோம் என்றார்கள். அவள் மாட்டேன் என்றாள். ஓட்டு வீட்டின் மேல் அப்படியொன்றும் ஆசை இல்லை. அவள் வீட்டுக்காரன் சென்னியப்பன், எட்டு மாதத்தில் வருகிறேன் என்று போர்வெல் லாரியில் ஏறி வடக்கே போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் ராய்ப்பூர் பக்கமிருந்து இரண்டு தடவை பேசினான், அப்புறம் பேச்சில்லை. அவனுக்குத் தெரிந்த விலாசம் இந்த வேம்பும் இந்த வீடும்தான். இதை இடித்துவிட்டால் திரும்பி வருகிற மனுஷன் எங்கே வந்து நிற்பான் என்று அவள் தாசில்தாரிடம் கேட்டாள். அதற்கு எழுதிக் கொடுக்கிற படிவம் தாசில்தார் அலுவலகத்தில் இல்லை.

ரோடு போடும் இடத்தில் பழைய காலத்துப் பானை ஓடுகள் கிடக்கின்றன என்று யாரோ எழுதிப்போட, மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் தார் ஊற்ற வேண்டும் என்று உத்தரவாகி, கயிறும் சல்லடையும் தூரிகையுமாக வந்து இறங்கினார் தொல்லியல் துறை நைனார் முகமது. ஐம்பது வயது, ராமநாதபுரத்துக்காரர், வெயிலில் தொப்பி போடாதவர், ஒரு பானை ஓட்டைக் கையில் எடுத்தால் கைக்குழந்தையைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறவர். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழைய குடியிருப்பு என்று ஆய்வகத்துக் காகிதம் வந்துவிட்டால், சாலை அரை மைல் தள்ளிப் போகும், வீடு தப்பும் என்று அவர் முதல் நாளே சொன்னார். துளசிமணி அன்றைக்கே கூலிக்குச் சேர்ந்துவிட்டாள். தன் காட்டை வேற்றாள் தோண்டுவதைவிடத் தானே தோண்டுவது மேல் என்று நினைத்தாள், தோண்டுகிற ஒவ்வொரு கையளவு மண்ணும் பழையதாக இருக்க வேண்டுமே என்று மாகாளியம்மனுக்கு வேண்டிக்கொண்டே தோண்டினாள்.

ஓடுகள் கூடை கூடையாக வந்தன. சாலைப் பொறியாளர் அதற்கெல்லாம் அசையவில்லை. ஓடு மழைத் தண்ணீரில் எங்கிருந்து வேண்டுமானாலும் உருண்டு வரும் என்றார். பேச்சு நியாயம்தான். ஆனால் அடுப்பு உருண்டு வராது.

அன்றைக்கு அவள் வடகிழக்குக் குழியில் குத்துக்காலிட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கரடுமுரடாக இருந்த மண் கைக்கு மழமழப்பாக மாறியது, சாணி மெழுகிய தரை தெரிந்தது, தரையின் மூலையில் மூன்று குமிழ் வைத்த மண் அடுப்பு ஒன்று கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தது. வாய் நிறையச் சாம்பல். சாம்பலை விரலால் ஒதுக்கினாள், சுட்டது. குனிந்து ஊதினாள், உள்ளே கங்கு சிவந்தது. அந்தச் சிவப்பு மறுபடி மங்கப் பார்த்தபோதுதான் குச்சியைச் சொருகினாள். அது பற்றி, புகைந்து, நின்று எரியத் தொடங்கிய பிறகுதான் மேலே பார்த்து, "சார், இங்க ஒரு அடுப்பு எரியுதுங்க," என்று குரல் கொடுத்தாள்.

நைனார் முகமது இறங்கி வந்து பார்த்தார். அடுப்பைப் பார்த்தார், பக்கத்தில் கவிழ்ந்திருந்த கருப்புச் சட்டியைப் பார்த்தார், சட்டியின் கழுத்தில் கீறியிருந்த பழங்காலக் குறியைப் பார்த்தார். "ரெண்டாயிரத்து முந்நூறு வருஷம் இருக்கும்," என்றார் மெல்ல.

"பொறகென்னுங்க, ஊட்டுக்காரி வர்ற நேரந்தான்," என்றாள் வேலாத்தாள். துளசிமணிக்கு இரண்டு வயது மூத்தவள், அவளோடு கூலிக்கு வருகிறவள், வாய் சும்மா இருக்காது. "ஏம்புள்ள துளசி, எங்க போயிருப்பா இவ, அடுப்பை மூடி வெச்சுப்போட்டு? தண்ணிக்கா?"

"தண்ணிக்குப் போறவ சாம்பல் போட்டு மூடுவாளாக்கா? வெறகை இழுத்து உட்டுட்டு ஓடுவா. மூடிட்டுப் போயிருக்கறான்னா தூரமாப் போயிருக்கறா," என்றாள் துளசிமணி. கொஞ்சம் யோசித்து, "ஆனா வாரேன்னுதான் போயிருக்கறா," என்றும் சொன்னாள்.

நைனார் முகமது அடுப்பின் வாயிலிருந்து ஒரு சிட்டிகைக் கரியை இடுக்கியால் எடுத்து, வெள்ளித்தாளில் மடித்து, தேதி எழுதி ஆய்வகத்துக்கு அனுப்பினார். அவர் எடுத்தது எந்தக் குச்சியின் கரி என்று அவருக்குத் தெரியாது. கரிக்கு வயது பார்ப்பார்கள் என்பது துளசிமணிக்குத் தெரியாது.

ஊர் ஆச்சரியப்பட்டதா என்றால், அதற்கெல்லாம் ஊருக்கு நேரம் இருக்கவில்லை. மூடியிருந்தவரை ஒன்றும் கேட்காத நெருப்பு, திறந்த பிறகு மற்ற நெருப்பைப் போலவே தீனி கேட்டது. அதனால் முதலில் முறை பிரித்தார்கள். கிழக்கு வளவு வீடுகள் ஒரு நாள், மேற்கு வளவு வீடுகள் ஒரு நாள், காலனி ஒரு நாள் என்று வரிசை வைத்து, முறை வந்த வீட்டிலிருந்து பருத்திமாரும் சோளத்தட்டும் வந்தன. பனி இறங்கும் என்று தகரம் போட்டார்கள், தகரம் சுடும் என்று அதன் மேல் தென்னந்தடுக்கு போட்டார்கள். தோண்டுகிறவர்களுக்கு அதிலேயே டீ வைத்தார்கள், டீக்கு நைனார் முகமது முதலில் வேண்டாம் என்றார், மூன்றாம் நாள் சர்க்கரை கம்மியாக என்றார். வந்து பார்த்த பெண்கள் எல்லாரும் அது எப்படி இத்தனை காலம் எரிந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூடி வைத்துவிட்டுப் போனவள் அன்றைக்கு என்ன ஆக்குவதாக இருந்தாள் என்றுதான் கேட்டார்கள். களி என்று ஒரு கட்சி, சட்டியின் அளவைப் பார்த்தால் கம்பஞ்சோறு என்று இன்னொரு கட்சி, இரண்டு கட்சிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதும் உண்டு. அவளுக்குக் குழிவீட்டுக்காரி என்று பெயர் வைத்தார்கள். பீடியைப் பற்றவைக்கக் குனிந்த கூலியாள் மாரப்பனை, ஊருக்குப் போயிருக்கும் பொம்பளை அடுப்பில் பீடி பற்றவைக்கிறாயா என்று வேலாத்தாள் குழிக்குள்ளேயே துரத்தினாள். பூசாரி வந்து இது அம்மன் என்றார். அம்மன் எதற்காக அடுப்பை மூடிவிட்டு வெளியூர் போகிறாள் என்று கேட்டதும் திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர்கள் ஊரில் ஓர் அடுப்பையும் விடக்கூடாது என்று அங்கேயும் ஒன்றை வைத்து, மேலே ஓடு ஒன்றைப் பாரத்துக்கு வைத்துவிட்டுப் போனார்கள். அந்த ஓட்டுக்கும் நைனார் முகமது எண் போட்டிருந்தார்.

நாளாக நாளாக வீட்டுக்கு வீடு அதிலிருந்து நெருப்பு வாங்கிப் போனார்கள். தேங்காய்த் தொட்டியில் கொஞ்சம் சாம்பல், அதன் மேல் ஒரு கங்கு, அதன் மேல் இன்னும் கொஞ்சம் சாம்பல். கேஸ் அடுப்பு வந்த பிறகு ஊரில் யாரும் யாரிடமும் நெருப்பு கேட்டதில்லை. பேசாமல் இருந்த ஓரகத்திகள்கூட எதிரெதிரே தொட்டியோடு வந்து நின்று, வேறு வழியில்லாமல் பேசிக்கொண்டார்கள். துளசிமணி மட்டும் வாங்கவில்லை. "எங்கூட்டுல எதுக்குங்க, ஒத்தையாளு, கேஸு போதும்," என்றாள். குழிக்குள் அடுப்பைக் கவனித்துக்கொண்டதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

தை கடைசியில் ஆய்வகத்துக் காகிதம் வந்தது. அனுப்பிய கரி இந்தக் காலத்துச் செடியுடையது என்று அதில் எழுதியிருந்தது.

சாலைப் பொறியாளர் அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார். நைனார் முகமது குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, துளசிமணியைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு நான் வர்றதுக்கு முன்னாடி அடுப்புல ஏதாவது வெச்சீங்களாம்மா?"

"ஒரு பருத்திமாருங்க சார். அணையப் பாத்துச்சு, ஒடிச்சுச் சொருவினனுங்க."

"அணைஞ்சா அணையட்டும்னு விட்டிருக்கணும்மா. நான் எடுத்தது உங்க குச்சிக் கரி. அதுக்குத்தான் வயசு பார்த்திருக்காங்க."

துளசிமணிக்கு விஷயம் விளங்க ஒரு நிமிஷம் ஆனது. தன் வீட்டைத் தானே ஒரு குச்சியால் தள்ளிவிட்டிருக்கிறாள். ஆனாலும் வாயில் வந்தது வேறு: "ஒருத்தி அடுப்பு கண்ணு முன்னால அணையறப்ப, கையைக் கட்டிட்டுப் பாத்துட்டு நிக்கறதுங்களா சார்?"

நாற்பது நாள் அந்த அடுப்பு டீயைக் குடித்த மனுஷன் என்ன சொல்வார்? இன்னொரு வழி இருக்கிறது என்றார். அடுப்பை இடித்து எடுத்துவிட்டால், அதன் அடித்தரையில், புதுநெருப்பு படாத ஆழத்தில் பழைய கரி இருக்கும். அதை அனுப்பினால் சரியான வயது வரும். சாலை தள்ளிப் போகும். மாசி பதினைந்துக்குள் அனுப்ப வேண்டும்.

"நெருப்புங்க?"

"வேற சட்டியில எடுத்து வெச்சுக்கலாம். ஆனா அது அப்புறம் சாதாரண நெருப்புதாம்மா. இடம் போயிடும்."

"இடிக்காம உட்டா?"

"பதினஞ்சாம் தேதி மண்ணைப் போட்டு மூடிட்டு நாங்க கிளம்பிடுவோம். மேல ரோடு வரும்."

"மூடினா அணையுமுங்களா?"

நைனார் முகமது அடுப்பைப் பார்த்தார். "இத்தனை நாள் மூடித்தானே கெடந்துச்சு," என்றார்.

ஊரில் இதை மூன்று நாள் பேசினார்கள். ஒரு வீட்டு அடுப்பை இடிக்க வேண்டுமானால் அந்த வீட்டுப் பெண் கைதான் முதலில் பட வேண்டும், ஆண் கை பட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். குழிவீட்டுக்காரி ஊரில் இல்லை. அப்படியானால் காட்டுக்காரிதான் வீட்டுக்காரி, துளசிமணிதான் தொட வேண்டும் என்று முடிவாயிற்று. அவளுக்காகத்தான் எல்லாரும் அப்படிச் சொன்னார்கள், அதில் குற்றம் இல்லை. வேலாத்தாளே வந்து, "இடிச்சுப்போடு புள்ள. ரெண்டாயிரம் வருசம் வராதவ இந்த மாசமா வரப்போறா? அப்பிடி வந்தாலும் நாஞ் சொல்லிக்கறேன் அவகிட்ட," என்றாள்.

மாசி பதினான்காம் தேதி காலையில் துளசிமணி கடப்பாரையோடு குழிக்குள் இறங்கினாள். மேலே ஊர் நின்றது. நைனார் முகமது வெள்ளித்தாளும் இடுக்கியுமாகக் காத்திருந்தார். ஒரே போடு, மூன்று குமிழும் பொடியாகிவிடும், வேம்பு நிற்கும், வீடு நிற்கும். அவள் கடப்பாரையை ஓங்கினாள், அதன் கனம் கைக்குப் பழக்கமாக இருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் சென்னியப்பன் புறப்பட்ட விடியற்காலையில், வாசலில் லாரி உறுமிக்கொண்டு நிற்க, குளித்து முடித்தவன் அவசர அவசரமாக வீட்டுப் பின்பக்கம் போனான். சுடுதண்ணி அடுப்பில் மிச்சமிருந்த தணலை ஒதுக்கி, இரண்டு கை சாம்பல் அள்ளி மூடினான். "அணைய உட்றாத புள்ள, வந்து இதுலதான் குளிக்கோணும்," என்று சிரித்துக்கொண்டே லாரியில் ஏறினான். அவள் அணையவிடவில்லை. இரண்டு வருஷம் காலையிலும் மாலையிலும் அதைக் கிளறி, தீனி போட்டு, மூடி வைத்தாள். மூன்றாவது வருஷம் ஆடியில், அவனுக்கு வடக்கே வேறு குடும்பம் ஆகிவிட்டதாம் என்று ஒரு சொந்தக்காரி காப்பியைக் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போன மத்தியானம், இதே கடப்பாரையால் அந்த அடுப்பை இடித்து, மண்ணையும் கங்கையும் வாரிக் கிணற்று மேட்டில் கொட்டினாள். அந்தப் பேச்சு நிஜமா பொய்யா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அடுத்த நாளிலிருந்து மறுபடியும் வாசலில் உட்கார்ந்து வழி பார்க்கத் தொடங்கிவிட்டாள். வீட்டுப் பின்பக்கத்து அடுப்பை இடித்ததை யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

இத்தனை வருஷமும் அவள் காத்திருக்கிறவளின் பக்கத்திலேயே நின்று யோசித்திருக்கிறாள். மூடி வைத்துவிட்டுப் போனவர்களின் பக்கம் போனதே இல்லை. குழிவீட்டுக்காரி வருகிறேன் என்றுதான் போனாள். வெள்ளமோ, நோயோ, படையோ, என்ன வந்து மறித்ததோ. சாம்பலை இப்படி ஒழுங்காக, காற்று புகாமல், ஓரமெல்லாம் விரலால் அமுக்கி மூடியவள் வராமல் இருப்பதற்காகப் போயிருக்க மாட்டாள். சென்னியப்பனும் அப்படித்தானே மூடினான்?

துளசிமணிக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, எல்லார் முன்னாலும் அழுதாள். பிறகு கடப்பாரையைக் குழிச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, "ஒரு அடுப்பை இடிச்சது போதுமுங்க சார்," என்றாள். "அக்கா, கொஞ்சம் சாம்பல் கொண்டா."

வேலாத்தாள் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தது ஊரில் அதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் மூடினார்கள். தோண்டியதை மூடும்போது அடியில் புதுசாக ஏதாவது ஒன்றைப் போட்டு வைப்பது நைனார் முகமதுவின் தொழிலில் வழக்கம். பிற்காலத்தில் தோண்டுகிறவர்கள், இந்த ஆழம் வரை ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அறிந்துகொள்ள. அவர் அந்த வருஷத்து நாணயம் ஒன்றைத் தரையில் வைத்தார். துளசிமணி அடுப்பில் மூன்று பருத்திமாரை வைத்து, எரிந்து தணலாகும்வரை காத்திருந்து, மடியிலிருந்து ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்து உள்ளே தள்ளினாள்.

"அம்மா, அந்தக் காலத்துல இந்தக் கிழங்கே நம்ம நாட்டுல கிடையாது," என்றார் அவர். "பின்னால தோண்டுறவங்க குழம்பிப் போவாங்க."

"கொழம்பட்டுங்க. பசியோட வருவா."

பிறகு சாம்பலை அள்ளி மூடினாள். ஓரமெல்லாம் விரலால் அமுக்கினாள். மேலே நைனார் முகமதுவே, கூலியாளைக் கூப்பிடாமல், மண்ணைக் கையால் அள்ளிப் போட்டார்.

வீட்டை இடித்தார்கள், வேம்பை வெட்டினார்கள், துளசிமணி அன்றைக்கு அங்கே இல்லை. சாலை வந்தது. கரட்டிலிருந்து நாலாவது கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பாய் அளவுக்குத் தார் எப்போதும் இளஞ்சூடாக இருந்தது; அந்த இடத்தில் மட்டும் பனி நிற்கவில்லை, ஊர் நாய்கள் அங்கேதான் படுத்தன, குளிர்காலத்தில் காய வைத்த சோளம் அங்கேதான் சீக்கிரம் காய்ந்தது. பொறியாளர் இரண்டு தடவை வந்து தொட்டுப் பார்த்துவிட்டுத் தாரில் ஏதோ கோளாறு என்று எழுதினார். வடக்கே போகிற, வடக்கேயிருந்து திரும்புகிற போர்வெல் லாரிகள் அந்த இடம் வந்தால் காரணமில்லாமல் நின்றன. ஒருநாள் கரட்டுப்பக்கம் ஆடு ஓட்டி வந்த துளசிமணியிடம் ஒரு டிரைவர், "ஏனுங்க, இங்க எங்கயோ கெழங்கு சுடற வாசம் வருதுங்க, கடை ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டான். இத்தனை வருஷமாக எந்தப் போர்வெல் லாரியைப் பார்த்தாலும், சென்னியப்பன்னு ஒருத்தரு, நெத்தியில தழும்பு இருக்கும் என்று தொடங்குகிறவள், அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"கடை இல்லீங்க. ஒரு வீடு இருக்குது," என்றாள். "வீட்டுக்காரி வெளியூர் போயிருக்கறா."

அன்று சாயங்காலம், காலனியில் தந்த கான்கிரீட் வீட்டின் பின்னால் களிமண்ணைக் குழைத்து ஓர் அடுப்பு போட்டாள். அண்டா உட்காருகிற அளவுக்குப் பெரிய அடுப்பு, சுடுதண்ணி அடுப்பு. நாலு நாள் காயவிட்டாள், சாணி மெழுகினாள். ஐந்தாம் நாள் விடிந்ததும் தேங்காய்த் தொட்டியை எடுத்துக்கொண்டு, குழியிலிருந்து வாங்கிய அந்த நெருப்பை இன்னும் அணையாமல் வைத்திருக்கிற வேலாத்தாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் நெருப்பு வேணும்."

வேலாத்தாள் தொட்டியைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். "சுடுதண்ணி அடுப்புக்கா?"

"ஆமாங்க்கா."

இரண்டு கங்காகவே எடுத்து வைத்தாள். துளசிமணி முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு, நடையை எட்டிப்போட்டு வீட்டுக்கு வந்து, அடுப்பைப் பற்றவைத்து, அண்டா நிறையத் தண்ணீர் காய்ச்சினாள். குளித்தாள். பிறகு மிச்சத் தணலை ஒதுக்கி, இரண்டு கை சாம்பல் அள்ளிப் போட்டு, ஓரமெல்லாம் விரலால் அமுக்கி மூடிவிட்டு, ஆட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போனாள்.